வலது கை சும்மா இருக்கணும்

அந்தப் பையக் காலுக்குக் கீழ வைக்காதீங்க தம்பி. எவனாவது தாண்டிப் போயிடுவான். தாண்டக் கூடாது. மடியில குறுக்க வச்சுக்கங்க, இல்லன்னா இப்படி ஜன்னலோரமா சாச்சுக் குடுங்க, நான் பிடிச்சுக்கறேன். என்ன, இந்தாளுக்கு எப்படித் தெரியும்னு பாக்கறீங்களா? கிரிக்கெட் மட்டை இவ்ளோ நீளம் இருக்காது. உள்ள இருக்கறது மூங்கில் கத்தி. ஷினாய். கெண்டோன்னு ஜப்பான் கத்திச் சண்டை பழகறவங்க வச்சிருக்கறது. சரியா சொன்னேனா?

சிரிக்கறீங்க. வேட்டி கட்டின கெழவன் ஜப்பான்காரன் பேரெல்லாம் சொல்றானேன்னு இருக்கும். நானும் பழகினவன்தான் தம்பி. என் பேரு ஏகாம்பரம். அம்பத்தூர்ல வீடு. கவர்மென்ட் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவன். முப்பது வருஷம் மெட்ராஸ் டிராபிக்ல ஓட்டியிருக்கேன், ஒரு ஆட்டுக்குட்டி மேல கூட ஏத்தினது இல்ல.

இந்த டிரைவரப் பாருங்க. கிளட்ச் மேல கால வச்சுக்கிட்டே ஓட்டறான். பிளேட் தேஞ்சா டிப்போவுல எவன் பதில் சொல்றது. எனக்கு அடுத்தவன் ஓட்டற வண்டியில உக்காந்தா தூக்கமே வராது. என் கால் தானா பிரேக்கத் தேடும். பாருங்க, முன் சீட்டுக் கம்பிய எப்படி மிதிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்னு. தேவகி, என் சம்சாரம், இதுக்காகவே என்கூட வெளியூர் வரமாட்டா.

நீங்களும் பெங்களூருதானா? நாளைக்கு அந்தப் போட்டிக்கா? அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே எடத்துக்குத்தான் போறோம். நான் போட்டி போட இல்ல, அட, என்னை எவன் சேப்பான். பாக்கத்தான். என் பொண்ணு களத்துல எறங்கறா. ரேணுகா. கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லையா. சரி. அவள நான் கண்ணால பாத்து ரெண்டு வருஷம் ஆகப் போகுது தம்பி. எங்கிட்டருந்து அவளப் பிரிச்சது இந்த மூங்கில்தான். உங்கள ஒண்ணும் சொல்லல. நீங்க பாவம், பை தூக்கிட்டு வர்றீங்க.

சொல்லிடறேன். கிருஷ்ணகிரி வர்ற வரைக்கும் சும்மாதான உக்காரப் போறோம்.

ரேணு எங்களுக்கு ஒரே பொண்ணு. பட்டரவாக்கத்துல ஒரு கம்பெனியில வேலை. ஜப்பான்காரங்களோட வியாபாரம் பண்ற கம்பெனி. அதுக்காக அவங்க பாஷையக் கத்துக்கிட்டா. வீட்டுல தனியா உக்காந்து ஏதோ மொணமொணன்னு பேசிக்கிட்டு இருப்பா, தேவகி திருஷ்டி சுத்திப் போடலாமான்னு கேட்டா. பாஷையோட போயிருந்தா பரவால்ல. ஒரு நாள் வந்து, அப்பா, ஞாயித்துக்கெழமை காலையில முகப்பேர்ல கத்திச் சண்டை வகுப்பு இருக்கு, நான் சேந்துட்டேன்னா. சேரலாமான்னு கேக்கல, கவனிங்க. சேந்துட்டேன்னா.

யாரு கத்துத் தராங்க, யார் யார் வராங்கன்னு கேட்டேன். ஆம்பளைங்களும் வருவாங்கன்னா. சரி, நானே கொண்டுவந்து விடறேன்னேன். அவளுக்கு ஸ்கூட்டி இருக்கு. நான்தான் வாங்கிக் குடுத்தேன். சாவி எங்கிட்ட இருக்கும். தெருமுனைக் கடைக்கு, கோயிலுக்கு, பஸ் ஸ்டாப்புக்குன்னா கேட்டா குடுப்பேன். மெயின் ரோட்டுக்கு எப்படிக் குடுக்கறது? லாரி எப்படி வருதுன்னு எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. பாதுகாப்புக்குத்தான் தம்பி. வேற என்ன.

வகுப்பு ஒரு ஷட்டில் கோர்ட்டுல. தகரக் கூரை, மரத் தரை. கத்துத் தர்றவங்க ஜெசிந்தான்னு ஒரு பொம்பள, முப்பத்தஞ்சு வயசு இருக்கும், ஜப்பான்ல ரொம்ப வருஷம் இருந்துட்டு வந்தவங்க. எல்லாரும் சென்செய்ம்பாங்க. நான் டீச்சர்னுதான் கூப்பிடுவேன். பொம்பள டீச்சர்னதும் எனக்கு நிம்மதி. ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டு ஓரமா உக்காந்தேன். அவங்க நேரா எங்கிட்ட வந்து, சார், இங்க வேடிக்கை பாக்க எடம் இல்ல, ஒண்ணு வெளிய போய் இருங்க, இல்லன்னா செருப்பக் கழட்டிட்டு வரிசையில நில்லுங்கன்னாங்க. சாதாரணமாத்தான் சொன்னாங்க. எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. செருப்பக் கழட்டினேன். நின்னேன். ரேணு திரும்பி என்னைப் பாத்த பார்வை இருக்கே, அதச் சொல்ல வேணாம்.

மொதல் ரெண்டு மாசமும் பிடிக்கிறதும் நிக்கிறதும்தான். அடிக்கவே விடல. உங்களுக்குத் தெரியாததா. ஆனா நான் சொல்றேன், கேளுங்க. ஒரு தடியக் குடுத்தா நம்மாளு எப்படிப் பிடிப்பான்? வலது கையில இறுக்கிப் பிடிப்பான். அதான் நமக்குக் கை. சோறு திங்கற கை, விபூதி வாங்கற கை. இங்க என்னடான்னா எல்லாம் தலைகீழ். இடது கைதான் பிடிக்கணுமாம். பிடியோட அடி நுனியில இடது கை. அதுலயும் சுண்டு விரலும் மோதிர விரலும்தான் இறுகணும், மத்தது சும்மா படிஞ்சிருக்கணும். ஈரத் துண்டப் பிழிஞ்சா ரெண்டு கையும் உள்பக்கமாத் திரும்புமே, அந்த மாதிரி. வலது கை மேல, கைய மறைக்கற அந்த வட்டத் தட்டுக்குக் கீழ. அது சும்மா இருக்கணும். வலது கை தெச காட்டத்தான் சார், பிடிக்க இல்லம்பாங்க டீச்சர்.

அதுக்கு ஒரு சோதனை வைப்பாங்க. ஒவ்வொருத்தர் முன்னாலயும் வந்து நின்னு, வலது கைய எடுங்கம்பாங்க. எடுத்தா கத்தி இருந்த எடத்துலயே இருக்கணும், நுனி எதிராளி தொண்டைக்கு நேரா. ரேணு ரெண்டாவது வாரமே எடுத்தா. கத்தி அசையல. நான் எடுத்தா நுனி போய்த் தரையில இடிக்கும். எல்லாப் பசங்களும் சிரிப்பாங்க. அதுக்கப்புறம் எனக்குக் கை எடுக்கவே வராது. எடுங்க சார்ம்பாங்க. எடுக்கணும்னுதான் நெனப்பேன். விரல் கேக்காது.

ஏன் கேக்காதுன்னு யோசிச்சுப் பாருங்க. கியர் மாத்தறது இடது கை. அந்த நேரமெல்லாம் ஸ்டியரிங்க விடாமப் பிடிக்கிறது வலது கை ஒண்ணுதான். வண்டியில அறுபது பேரு இருப்பான், படியில பத்து பேரு தொங்குவான். அந்தக் கை ஒரு நொடி விட்டா அத்தனை உசுரு. முப்பது வருஷமா அதுக்குச் சொல்லிக் குடுத்தத ஒரு பொம்பள வந்து எடுங்கன்னா எடுத்துடுமா? டீச்சர்கிட்டயே சொன்னேன். அவங்க என் கைய மட்டும் பாத்தாங்க.

நிக்கிறதும் அப்படித்தான். வலது கால் முன்னால, இடது கால் பின்னால. இடது குதிகால் தரையத் தொடக் கூடாது, லேசாத் தூக்கி இருக்கணும். எப்ப வேணா கெளம்பத் தயாரா நிக்கணும்பாங்க. என் குதிகால் தரைய விட்டு எழும்பாது, தாஜா பண்ணிப் பாத்தாங்க, நடக்கல. ரேணு நின்னான்னா அவ குதிகால் தானா எழும்பி நிக்கும். முதுகு நேரா, தோள் எறங்கி, கண்ணு எதிர்ல. நான் பெத்த பொண்ணு இப்படி நிப்பான்னு எனக்குத் தெரியவே தெரியாது தம்பி. வீட்டுல எப்பவும் செவுத்துல சாஞ்சுக்கிட்டு, துப்பட்டா நுனியத் திருகிக்கிட்டுத்தான் நிப்பா. அங்க மட்டும் வேற ஆளு.

ஒண்ணு சொல்றேன். அந்த நாலஞ்சு மாசம்தான் என் வாழ்க்கையிலயே நான் சந்தோஷமா இருந்த காலம். பொய் இல்ல. வேலையில இருந்தப்ப அவ எந்திரிக்கறதுக்கு முன்னால போவேன், தூங்கினப்புறம் வருவேன். அவ வளந்ததே எனக்குத் தெரியாது. ரிட்டையர் ஆனப்புறம் சாயங்காலமானா மொட்டை மாடிக்கு வாப்பாம்பா. தண்ணி டேங்க் பக்கத்துல நின்னு எனக்குச் சொல்லித் தருவா. என் வலது கை கல்லாட்டம் பிடிச்சிருக்கும். அப்பா, விடுப்பாம்பா. விட்டா விழுந்துடும்பேன். விழாதுப்பா, இடது கை பிடிச்சிருக்கில்லம்பா. அப்புறம் அவளே என் விரலப் பிரிப்பா. சுண்டு விரல்ல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா. கட்டை விரலுக்கு வர்றதுக்குள்ள சுண்டு விரல் திரும்ப மூடிக்கும். திரும்பவும் ஆரம்பிப்பா. கோவப்படவே மாட்டா. சிரிப்பா.

சின்ன வயசுல ரோடு தாண்ட என் கையப் பிடிச்சதுதான். அதுக்கப்புறம் என் பொண்ணு என் கையத் தொட்டது அப்பத்தான். எனக்கு ஒழுங்கா வராம இருந்ததே நல்லதாப் போச்சுன்னு கூட நெனச்சிருக்கேன்.

பாத்தீங்களா, லாரிய இடது பக்கமா முந்தறான். ஹார்ன் கூட அடிக்கல. யோவ். சொன்னாக் கேப்பானா. விடுங்க.

எங்க விட்டேன்? ஆங். வகுப்பு முடிஞ்சு என் வண்டியிலதான் திரும்புவோம். அவ பின்னால உக்காந்துக்கிட்டு, அப்பா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்பா. வண்டி ஓட்டறப்ப பேசாதம்மான்னு சொல்லிடுவேன். எல்லா பஸ்லயும் எழுதியிருக்குமே, ஓட்டுநருடன் பேசாதீர்னு. அத நான் என் பஸ்ல மட்டும் இல்ல, வீட்டு வண்டியிலயும் வச்சிருந்தேன். எறங்கினப்புறம் பேசலாம்பேன். எறங்கினா வீடு. வீட்டுல தேவகி இருப்பா, டிவி ஓடும், சாம்பார்ல உப்பு இருக்கா இல்லையான்னு பேச்சு போயிடும். அடுத்த வாரம் திரும்பவும், அப்பா, ஒண்ணு சொல்லணும்பா. நான் திரும்பவும் அதையே சொல்லுவேன். அவளும் விட்டுடுவா. என்ன அவசரம்னுதான் நான் நெனச்சேன்.

கடைசியில தட்டுல சோறு போட்டு உக்காந்தப்ப சொன்னா. கம்பெனியில பெங்களூருக்கு மாத்தறாங்களாம், பெரிய வேலையாம், ஆறு மாசமாக் கேட்டுக்கிட்டே இருக்காங்களாம். நான் முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லல தம்பி. சாமி சத்தியமா. அங்க உனக்கு யாரு இருக்கான்னு மட்டும் கேட்டேன். யாரும் இல்லப்பான்னா. யோசிக்கலாம்னேன். யோசிச்சேன். யோசிச்சு அரக்கோணத்துல ஒரு பையனப் பாத்தேன். ரயில்வேயில வேலை, சொந்த வீடு, ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. அவங்க வீட்டுல எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சு. எங்க வீட்டுலயும் எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சு. ரேணுவா? அவ ஒண்ணும் சொல்லல. ஒண்ணும் சொல்லலன்னா சம்மதம்னுதான அர்த்தம். நிச்சயத்துக்கு நாள் குறிச்சாச்சு.

அதுக்கு முன்னால வந்த ஞாயித்துக்கெழமைதான் அது நடந்துச்சு.

அப்ப எங்களுக்குக் கவசமெல்லாம் மாட்டிவிட ஆரம்பிச்சிருந்தாங்க. தலைக்கு இரும்புக் கம்பி போட்ட முகமூடி. மெட்ராஸ் வெயில்ல அத மாட்டினா உள்ள பருப்பு வெந்துடும். ஜோடி ஜோடியா நிறுத்துவாங்க. ஒருத்தர் நிப்பாரு, ஒருத்தர் கத்திக்கிட்டே வந்து உச்சந்தலையில அடிக்கணும். எனக்கு ஜோடி ரேணுதான். நான் வேற யாரோடயும் அவள விடல. அவ வருவா, சத்தம் போடுவா, கத்தி மேல போகும், கீழ வரும், என் தலைக்கு ஒரு சாண் மேல நின்னுடும். ஒவ்வொரு தடவையும் நின்னுடும். டீச்சர் திட்டுவாங்க. எதிர்ல நிக்கிறவர நிஜமா அடிக்கணும் ரேணுகா, பாதியில நிறுத்தறது அவர அவமானப்படுத்தறதுன்னுவாங்க. நான் சொன்னேன், டீச்சர், என் பொண்ணு என்னை அடிக்க மாட்டா, நீங்க என்ன சொன்னாலும் நடக்காதுன்னு. பெருமையாத்தான் சொன்னேன். எல்லாருக்கும் கேக்கற மாதிரி.

அன்னைக்கு வந்து எதிர்ல நின்னா. கத்தி நுனி என் தொண்டைக்கு நேரா. ரொம்ப நேரம் அப்படியே நின்னா. கம்பிக்குள்ள அவ கண்ணு மட்டும் தெரியுது. வேர்வையில பளபளன்னு இருந்துச்சு. வேர்வைதான்னு நெனச்சேன். அப்புறம் வந்தா பாருங்க. ‘மென்’னு ஒரு சத்தம், தலையில அடிக்கறப்ப போடற ஜப்பான் கூப்பாடு. அவ தொண்டையில அப்படி ஒரு சத்தம் இருக்குன்னு எனக்குத் தெரியாது. டப்புன்னு என் உச்சியில எறங்குச்சு. நிறுத்தல. அடிச்சுட்டு என்னைத் தாண்டி ஓடிப்போய்த் திரும்பி நின்னா, அந்தக் குதிகால் எழும்பினபடியே.

வலிக்கல தம்பி. சரியா அடிச்சா வலிக்காதாமே. வலிச்சிருந்தாக் கூடத் தேவலை. டீச்சர் கை தட்டினாங்க. மொத தடவையா சரியா அடிச்சிருக்க ரேணுகான்னாங்க. அவ கத்தியோட நடுவுலயே போய்ப் பிடிச்சேன். பிடிக்கக் கூடாது, தெரியும், எதிராளி கத்தியக் கையால பிடிக்கிறது பெரிய தப்புன்னு மொதல் நாளே சொல்லியிருக்காங்க. பிடிச்சேன். பிடுங்கிக் கீழ போட்டேன். பெத்த அப்பன் தலையில அடிக்கறியா, இதுக்குத்தான் இத்தன மாசம் பழகினியான்னு கேட்டேன். அவ கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டேன். இழுத்துட்டு வந்தேன்னு தேவகி சொல்லுவா. இழுக்கல. பிடிச்சேன், அவ வந்தா. மணிக்கட்டு மூணு நாளைக்குச் செவந்து கெடந்திருக்கும்னும் அவதான் சொல்லுவா. அவளுக்கு எப்படித் தெரியும்? மூணு நாள் வீட்டுல இருந்தாளா ரேணு, பாக்கறதுக்கு?

வழியெல்லாம் பின்னால உக்காந்து ஒரு வார்த்தை பேசல. நானா, என்னம்மான்னு கேட்டேன். வண்டி ஓட்டறப்ப பேசாதப்பான்னா.

சாயங்காலம் நான் ஹால்ல உக்காந்து இருக்கேன். வந்தா. என் எதிர்ல முட்டி ரெண்டும் மடிச்சு உக்காந்தா. ரெண்டு கையையும் முன்னால தரையில வச்சு, நெத்தி தரையில படறாப்பல குனிஞ்சா. ரொம்ப நேரம் எந்திரிக்கல. தேங்க்ஸ்ப்பான்னா. எனக்கு அப்படியே மனசு எளகிப் போச்சு தம்பி. இருந்த கோவமெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. தப்ப உணந்து கால்ல விழுந்துட்டாளே கொழந்தைன்னு இருந்துச்சு. பரவால்லம்மா, எந்திரி, போய்ச் சாப்பிடுன்னேன். தலையத் தடவிக் குடுத்தேன். தேவகிகிட்ட, பாத்தியா என் பொண்ண, எப்படி மன்னிப்புக் கேட்டான்னு சொன்னேன். தேவகி என்னையே பாத்துக்கிட்டு நின்னா. அன்னைக்கு நல்லாத் தூங்கினேன்.

மறுநாள் காலையில வேலைக்குப் போறேன்னு தோள்பையோட போனா. வரல. மத்தியானம் அம்மாவுக்கு மட்டும் போன் பண்ணினா. பெங்களூரு ரயில்ல இருக்கேன்னு.

ஸ்கூட்டி வாசல்லயே நின்னுச்சு. சாவி என் சட்டைப் பையில இருந்துச்சு. நான் அவளத் தடுக்கணும்னு நெனச்சிருந்தா தடுத்திருக்க முடியாதா, சொல்லுங்க. ஒண்ணும் தடுக்கலையே. எல்லாத்தையும் நல்லதுக்குத்தான பண்ணினேன்.

டீச்சர்கிட்டப் போய்ச் சண்டை போட்டேன். உங்களாலதான் என் பொண்ணு போயிட்டா, எங்க இருக்கா சொல்லுங்கன்னேன். சொல்லல. உக்கார வச்சுத் தண்ணி குடுத்தாங்க. அவ எப்படிக் கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டான்னு சொன்னேன். அப்படிப்பட்ட பொண்ணு மறுநாளே போவாளா, யாரோ மனசக் கெடுத்திருக்காங்கன்னு சொன்னேன். எப்படிக் குனிஞ்சான்னு கேட்டாங்க. செஞ்சு காமிச்சேன். அப்புறம் சொன்னாங்க, சார், அது மன்னிப்பு இல்ல, பயிற்சி முடிஞ்சா எதிர்ல நின்னவருக்குக் குனிஞ்சு நன்றி சொல்லிட்டுத்தான் போகணும், அன்னைக்கு நீங்க அவளப் பாதியில கூட்டிட்டுப் போயிட்டீங்க, மிச்சத்த வீட்டுல வந்து முடிச்சிருக்கா.

முடிச்சிருக்காளாம். அதுக்கு என்ன அர்த்தம்னு நான் கேக்கல. எதிர்ல இருக்கறவரும் குனியணும் சார், நீங்க குனிஞ்சீங்களான்னாங்க. பெத்த அப்பன் பொண்ணுக்குக் குனிவானா தம்பி? எந்த ஊர்ல நடக்கும்? டீச்சருக்கு ஜப்பான் தெரியும், என் பொண்ணத் தெரியுமா? அவ மன்னிப்புத்தான் கேட்டா. நான் மன்னிச்சுட்டேன். அதுக்கப்புறமும் ஏன் வரலன்னுதான் எனக்கு விளங்கவே இல்ல.

ரெண்டு வருஷம். எங்கிட்டப் பேசறது இல்ல. தேவகிகிட்டப் பேசுவா. நான் குளிக்கப் போனா தேவகி செல்போன எடுத்துக்கிட்டு மாடிக்குப் போவா. நான் தண்ணியத் தெறந்து விட்டுட்டு மாடிப்படிக்குக் கீழ வந்து நிப்பேன். இவ பேசறது மட்டும் கேக்கும். சாப்பிட்டியா. சளி இருக்கா. அப்பா நல்லாருக்காரு. ரேணு கேட்டுத்தான் சொல்றாளா, கேக்காமலே இவளா சொல்றாளான்னு தெரியாது. கேட்டேன்னா நான் ஒட்டுக் கேக்கறது தெரிஞ்சுடும். கேட்டிருப்பான்னு வச்சுக்கிட்டேன்.

மாடியில பழக வச்சிருந்த இன்னொரு கத்திய அவ வீட்டுலயே விட்டுட்டுப் போயிட்டா. தினமும் அதத்தான் பழகறேன், அதே தண்ணி டேங்க் பக்கத்துல. எதுக்குன்னு தேவகி கேப்பா. ரேணு பாத்தா அசந்து போகணும்பேன். அப்பா, உனக்கு வந்துடுச்சேப்பான்னு சொல்லணும். இப்ப நல்லா வருது. குதிகாலும் கொஞ்சம் எழும்புது.

நாளைக்குப் போட்டின்னு தேவகிதான் சொன்னா. சொல்லிட்டு அழுதா. தூரத்துலருந்து பாருங்க, கிட்டப் போகாதீங்க, கையப் பிடிக்காதீங்கன்னு சத்தியம் வாங்கிட்டா. பண்ணிக் குடுத்துட்டேன். நீங்களும் சொல்லிடாதீங்க, நான் வந்திருக்கேன்னு. இத மட்டும் எப்படியாவது அவகிட்டச் சேத்துடுங்க. ஸ்கூட்டி சாவி. நீயே வச்சுக்கம்மான்னு அப்பா குடுத்தாருன்னு சொல்லுங்க. வண்டியா? வண்டி அம்பத்தூர்லதான் இருக்கு. வண்டிய எதுக்குக் கொண்டு வரணும். சாவி கையில வந்தா வண்டிய எடுக்க அவ வீட்டுக்கு வருவாளே.

ஏன் தம்பி, ஜன்னல் பக்கம் திரும்பிட்டீங்க. வெயில் அடிக்குதா?

கேக்கணும்னு நெனச்சேன். ஆட்டம் முடிஞ்சு அவ குனிவா இல்ல, எதிர்ல நிக்கிறவங்களுக்கு. அப்ப வேடிக்கை பாக்கறவங்க வரிசையிலருந்து ஒருத்தன் குனிஞ்சா, அது செல்லுமா? அவ பாக்கலன்னாலும்? சும்மாக் கேட்டேன். நான் குனியப் போறேன்னு சொல்லல.

நிறுத்திட்டான். டீ குடிக்க எறங்குவோம், வாங்க. பைய எடுத்துக்கங்க, உள்ள விட்டுட்டு வராதீங்க.

டீ அப்புறம் குடிக்கலாம் தம்பி. இந்தப் பக்கம் வாங்க, பஸ் நெழலுக்கு. ஒரு தடவை அதக் குடுங்க. அவ பாக்கறதுக்கு முன்னால பழகினவங்க ஒருத்தர் பாத்துச் சொல்லிட்டா நல்லது. பத்திரமாத் தருவேன்.

ஆங். பாருங்க. இடது கை அடியில. சுண்டு விரல், மோதிர விரல். வலது கை இங்க. சும்மா வச்சிருக்கேன், பிடிக்கல. கால் சரியா இருக்கா? குதிகால்? இருக்கட்டும், அது போதும். நீங்க கேளுங்க, டீச்சர் கேக்கற மாதிரி. வலது கைய எடுங்கன்னு.

எடுக்கறேன்.

இருங்க, எடுக்கறேன். வீட்டுல வருது தம்பி. தெனமும் வரும். புது எடம், அதான். டீக்கடைக்காரன் பாக்கறான், பாத்துட்டுப் போகட்டும். நகம் வெளுத்திருக்கா? அது வயசு. நான் பிடிக்கவே இல்ல, அது தானா அப்படி இருக்குது.

நீங்க கொஞ்சம் பிரிச்சு விடறீங்களா? நான் எடுக்கணும்னுதான் நெனைக்கிறேன். இது விட்டா கீழ விழுந்துடும்னு இருக்குது. விழாதுப்பான்னு அவ சொல்லுவா, ஆயிரம் தடவ சொல்லியிருப்பா. ஹார்ன் அடிக்கறான், அடிக்கட்டும், நம்மள விட்டுட்டுப் போகமாட்டான். அங்க இல்ல தம்பி, கட்டை விரல் கடைசியில. அவ அப்படித்தான் செய்வா. சுண்டு விரல்ல ஆரம்பிங்க.